பசியை வென்ற பாவை: ஆட்ரி ஹெப்பர்ன்

தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை என்பது நம் முன்னோர் வாக்கு. நூல் நன்றாயிருந்தால் சேலையும் நன்றாயிருக்கும் என்பது உண்மையே. ஆனால் ஒரே நூலை இரண்டு நெசவாளர் கையில் கொடுத்தால், இரண்டு சேலைகளும் ஒன்றுபோலவா அமையும்? பாவு எவ்வளவு இறுக்கமாக இருந்தது, சாயம் எப்படி ஏறியது, தறியில் இருந்த நாள்களில் மழை ஈரம் பட்டதா என்பவையெல்லாம் சேலையில் தெரியும் அன்றோ? மனித மனமும் அத்தகையதே.

ஒரு குடும்பத்தில் ஒருவருக்கு மனநோய் வந்துவிட்டால், அது இரத்தத்தில் ஊறியது, தலைமுறை தலைமுறையாகத் தொடரும் என்று சிலர் தீர்ப்பு எழுதிவிடுகின்றனர். வேறு சிலரோ, எல்லாம் வளர்ப்பின் குற்றம் என்று தாயின்மேல் பழியைப் போடுகின்றனர். இவ்விரண்டும் முழு உண்மையல்ல என்று இன்றைய அறிவியல் காட்டுகின்றது. அந்த அறிவியலுக்குச் சான்று தந்த நிகழ்ச்சிகளுள் முக்கியமானது, 1944-45ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் நெதர்லாந்து நாட்டைத் தாக்கிய பெரும் பஞ்சம். அந்தப் பஞ்சத்தில் பட்டினி கிடந்து பிழைத்த பெண் ஒருவர் பின்னாளில் உலகம் போற்றும் நடிகையானார். அதனினும் மேலாக, பசித்த குழந்தைகளின் தோழியானார். அவர்தாம் ஆட்ரி ஹெப்பர்ன். அவரது வாழ்க்கையை அறிவது, மனம் எவ்வாறு காயப்படுகின்றது, எவ்வாறு தேறுகின்றது என்பதை அறிவதற்கும் துணையாகும்.

பிறப்பும் பிரிவும்

ஆட்ரி 1929ஆம் ஆண்டு மே மாதம் 4ஆம் நாள் பெல்ஜியம் நாட்டின் பிரஸ்ஸல்ஸ் நகரில் பிறந்தார். தாய் எலா வான் ஹேம்ஸ்ட்ரா நெதர்லாந்து நாட்டின் பிரபுக் குடும்பத்தைச் சேர்ந்தவர். தந்தை ஜோசப் ரஸ்டன் ஆங்கிலேயக் குடியுரிமை உடையவர். தாயின் முதல் திருமணத்தில் பிறந்த இரண்டு அண்ணன்மார் ஆட்ரிக்கு இருந்தனர்.

செல்வக் குடும்பத்தில் பிறந்தும் அமைதி அங்கே நிலைக்கவில்லை. 1935ஆம் ஆண்டு, ஆட்ரிக்கு ஆறு வயதாக இருந்தபோது, தந்தை வீட்டைவிட்டு வெளியேறினார், திரும்பி வரவில்லை. தம் வாழ்வில் தமக்கு நேர்ந்த மிகப் பெரிய துயரம் அதுவே என்று ஆட்ரி முதிர்ந்த வயதிலும் கூறி வந்தார். போரையும் பட்டினியையும் கண்ட ஒருவர், அவற்றைவிடத் தந்தையின் பிரிவையே பெரிய காயமாகக் கருதினார் என்பதைப் பெற்றோர் அனைவரும் எண்ணிப் பார்த்தல் நலம்.

அதன்பின் ஆட்ரி இங்கிலாந்தின் கென்ட் மாநிலத்தில் விடுதிப் பள்ளி ஒன்றில் சேர்க்கப்பட்டார். தனிமை வாட்டிய அந்நாள்களில் பாலே எனும் மேலைநாட்டு நடனம் அவருக்குத் துணையாயிற்று.

போரின் நிழலில்

1939ஆம் ஆண்டு இரண்டாம் உலகப் போர் மூண்டது. முதல் உலகப் போரில் நெதர்லாந்து நடுநிலை வகித்துத் தப்பியது. இம்முறையும் தப்பும் என்று நம்பிய தாய், மகளை ஆர்ன்ஹெம் நகருக்கு அழைத்துக்கொண்டார். நம்பிக்கை பொய்த்தது. 1940 மே 10ஆம் நாள் ஜெர்மானியப் படைகள் உள்ளே புகுந்தன. ஐந்தே நாள்களில் நாடு பணிந்தது. ஆங்கிலப் பெயர் ஆபத்தை விளைவிக்கும் என்று அஞ்சிய தாய், மகளுக்கு எட்டா என்று மாற்றுப் பெயர் சூட்டினார்.

1942 ஆகஸ்ட் மாதம், தாயின் உடன்பிறந்தாளின் கணவரைப் பிணைக்கைதியாகப் பிடித்திருந்த ஜெர்மானியர், வேறு யாரோ செய்த எதிர்ப்புச் செயலுக்குப் பழிவாங்கும் வகையில் அவரையும் மற்றும் நால்வரையும் சுட்டுக் கொன்றனர். அண்ணன்மாரில் ஒருவர் தலைமறைவானார். மற்றவர் கட்டாய வேலைக்காகப் பெர்லின் நகருக்குக் கொண்டு செல்லப்பட்டார். ஆட்ரியும் தாயும் அருகிலுள்ள வெல்ப் என்னும் சிற்றூரில் தாத்தாவுடன் தங்கினர்.

இத்தனை துன்பத்திலும் ஆட்ரி நடனத்தை விடவில்லை. எதிர்ப்பு இயக்கத்துக்குப் பணம் திரட்ட, சன்னல்களைக் கருந்திரையால் மறைத்த வீடுகளில் இரகசியமாக நடன நிகழ்ச்சிகள் நடந்தன. ஆட்ரி அவற்றில் ஆடினார். அங்கே கைதட்டல் இல்லை. ஓசை வெளியே கேட்டால் உயிருக்கு ஆபத்து. ஓசையற்ற அந்த அவைக்கு ஆடிய சிறுமிக்கு வயது பதினைந்துதான்.

பசிக் குளிர்காலம்

1944 செப்டம்பரில் நேச நாட்டுப் படைகள் ஆர்ன்ஹெம் பாலத்தைக் கைப்பற்ற முயன்று தோற்றன. அவர்களுக்கு உதவும் பொருட்டு நெதர்லாந்து இரயில்வே ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்திருந்தனர். அதற்குத் தண்டனையாக ஜெர்மானியர் மேற்குப் பகுதி நகரங்களுக்கு உணவு செல்வதைத் தடுத்தனர். பின்னர்த் தடை ஓரளவு தளர்ந்தபோதோ, கடுங்குளிரில் கால்வாய்கள் உறைந்து படகுகள் நின்றுபோயின. விளைவு, பெரும் பஞ்சம். வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு இரண்டாயிரம் கலோரிக்கு மேல் உணவு வேண்டும். அந்நகரங்களில் 1944 நவம்பர் இறுதியில் பங்கீட்டு உணவு ஆயிரம் கலோரிக்கும் கீழே இறங்கியது. பின் அதில் பாதியளவாகவும் குறைந்தது. மக்கள் துலிப் பூச்செடியின் கிழங்குகளையும், மாட்டுத் தீவனமாகப் பயன்பட்ட கிழங்குகளையும் வேகவைத்து உண்டனர். 20,000 பேருக்கு மேல் மாண்டனர்.

போர்முனையை ஒட்டியிருந்த வெல்ப் ஊரிலும் உணவு அற்றுப்போயிற்று. ஆட்ரி நடப்பதற்கும் வலிமையின்றிச் சோர்ந்தார், நடனம் நின்றது. இரத்தசோகை, மஞ்சள் காமாலை, உடல் வீக்கம் ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1945 ஏப்ரல் நடுவில் ஊர் விடுதலை பெற்றபோது, பதினாறு வயதை நெருங்கியிருந்த அவர் எலும்பும் தோலுமாக இருந்தார். பின்னர் ஐக்கிய நாடுகளின் நிவாரண அமைப்பு உணவும் மருந்தும் கொண்டுவந்தது. பெட்டி பெட்டியாக வந்திறங்கிய அந்த உதவியை ஆட்ரி வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை.

கருவறையில் விழுந்த சுவடு

அதே குளிர்காலத்தில், பிறவாத குழந்தைகளும் பசித்திருந்தன. பட்டினி கிடந்த தாய்மாரின் வயிற்றில் அவை வளர்ந்தன. இப்பஞ்சம் தொடங்கிய காலமும் முடிந்த காலமும் தெளிவாகத் தெரியும். எந்த வாரம் எவ்வளவு உணவு வழங்கப்பட்டது, எந்தக் குழந்தை எங்கே எப்போது பிறந்தது என்பவற்றுக்கெல்லாம் பதிவேடுகள் உண்டு. ஆகவே அக்குழந்தைகள் வளர்ந்து பெரியவர்களானபின், அறிவியலார் அவர்களைத் தொடர்ந்து ஆராய முடிந்தது.

1972இல் வெளிவந்த ஆய்வு ஒன்று மகிழ்ச்சி தருவது. இராணுவப் பதிவுக்காக வந்த 19 வயது இளைஞர்கள் ஏறத்தாழ 1,25,000 பேரின் அறிவுத்திறன் தேர்வுகளை ஆராய்ந்தபோது, கருவில் பசித்திருந்தவர்கள் மற்றவர்களைவிடத் தாழ்ந்திருக்கவில்லை. ஆனால் 1996இல் வேறொன்று தெரிய வந்தது. பஞ்சத்தின் உச்சத்தில் கருவாகி 1945இன் இறுதியில் பிறந்தவர்களிடையே மனச்சிதைவு நோய் ஏறத்தாழ இருமடங்காகக் காணப்பட்டது. 1959 முதல் 1961 வரை சீனாவில் நிலவிய பஞ்சத்தை ஆராய்ந்து 2005இல் வெளிவந்த ஆய்விலும் இவ்வாறே இருமடங்கு கண்டனர்.

இது எவ்வாறு நிகழ்கின்றது? நம் உடலின் ஒவ்வோர் உயிரணுவிலும் டி.என்.ஏ. என்னும் நீண்ட இழை உண்டு. அதில் ஏறத்தாழ 20,000 மரபணுக்கள் எழுதப்பட்டுள்ளன. இதனை ஒரு பெரிய சமையல் குறிப்புப் புத்தகம் எனக் கொள்ளலாம். புத்தகம் எல்லா உயிரணுக்களிலும் ஒன்றே. ஆனால் எந்தப் பக்கம் திறந்திருக்க வேண்டும், எந்தப் பக்கம் மூடியிருக்க வேண்டும் என்பதற்கு உடல் சில அடையாளங்களை இட்டுக்கொள்கின்றது. மெத்தில் என்னும் சிறு வேதித் தொகுதி டி.என்.ஏ. மீது ஒட்டிக்கொள்வது அத்தகைய அடையாளங்களுள் ஒன்று. பொதுவாக அது ஒட்டிய இடத்தில் மரபணுவின் வேலை அடங்கும். எழுத்து மாறுவதில்லை, படிக்கும் முறையே மாறுகின்றது. இதனை ஆராயும் துறையே எபிஜெனெடிக்ஸ் எனப்படும் மேல்மரபியல். இச்சொல்லை 1942இல் வழங்கியவர் பிரிட்டனைச் சேர்ந்த கான்ராட் வாடிங்டன் என்னும் உயிரியல் அறிஞர்.

2008இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் வியப்பான செய்தி ஒன்றை வெளியிட்டனர். பஞ்ச காலத்தில் கருவானவர்களின் இரத்தத்தில், உடல் வளர்ச்சிக்கு உதவும் ஒரு மரபணுவின் மேல் இருந்த மெத்தில் அடையாளங்கள், பஞ்சத்திற்கு ஆளாகாத அவர்தம் உடன்பிறந்தாரைவிடக் குறைவாக இருந்தன. அறுபது ஆண்டுகள் கழிந்தும் அந்தச் சுவடு அழியவில்லை!

இங்கே ஒன்றை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். அந்த ஒரு மரபணுவே மனநோயைத் தந்தது என்று யாரும் சொல்லவில்லை. இருமடங்கு என்ற சொல்லைக் கேட்டும் அஞ்ச வேண்டா. மனச்சிதைவு நோய் பொதுவாக நூற்றில் ஒருவர் அளவில் காணப்படுவது. அது இருமடங்கானாலும், நூற்றில் தொண்ணூற்றெட்டுப் பேர் அந்நோய் இன்றியே வாழ்வர். சுவடு என்பது தீர்ப்பு அன்று.

குற்றம் அந்தத் தாய்மாருடையதும் அன்று. உண்ண உணவிருந்தும் அவர்கள் உண்ணாதிருக்கவில்லை. உணவை மறித்தவர்கள் வேறு எவரோ. ஆதலால் நோயுற்ற பிள்ளையைக் கண்டு தாயைக் குறை கூறுமுன், அவள் என்னென்ன சுமந்தாள் என்று கேட்பதே அறமாகும்.

தாயின் வருடல்

சுவடு விழும் என்றால், அது மாறவும் கூடுமா? கனடா நாட்டின் மக்கில் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் மீனியும் அவருடைய குழுவினரும் எலிகளை வைத்து இதனை ஆராய்ந்தனர். சில தாய் எலிகள் தம் குட்டிகளை அடிக்கடி நக்கி வருடிக் கொடுக்கும்; சில அவ்வளவாகச் செய்வதில்லை. நன்கு வருடப்பட்ட குட்டிகள் வளர்ந்தபின் அமைதியாக இருந்தன. அதிர்ச்சி நேர்ந்தால் விரைவில் தேறின. வருடல் குறைந்த குட்டிகள் எளிதில் மிரண்டன. மன அழுத்தத்தின்போது சுரக்கும் நீரை அடக்குவதற்கு மூளையில் ஒரு மரபணு உதவுகின்றது. வருடல் பெற்ற குட்டிகளில் அதன்மேல் மெத்தில் அடையாளம் குறைவாக இருந்ததால், அது நன்றாக வேலை செய்தது. இதனை 2004இல் அவர்கள் வெளியிட்டனர்.

வருடாத தாய்க்குப் பிறந்த குட்டியை, வருடும் தாயிடம் விட்டு வளர்த்தபோது, அது வளர்ப்புத் தாயின் குட்டியைப் போலவே அமைதியாக வளர்ந்தது. பெற்ற வயிறு மட்டுமன்றி வளர்த்த மடியும் மனத்தை உருவாக்குகின்றது என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ? குட்டிப் பருவத்தில் தாயைப் பிரிந்து மிரட்சியுற்ற எலிகளுக்கு, வளரும் பருவத்தில் விளையாடவும் ஓடவும் தோழமை கொள்ளவும் நல்ல இடம் அமைத்துக் கொடுத்தபோது, அவற்றின் அச்சம் பெரிதும் தணிந்தது என்பதும் 2002இல் வெளிவந்த ஓர் ஆய்வின் முடிவு. எலி வேறு, மனிதர் வேறு என்பதை மறத்தல் ஆகாது. மனித மூளையை உயிருடன் திறந்து பார்க்க முடியாதாகையால், இரத்தத்திலும் உமிழ்நீரிலும் காணும் அடையாளங்களைக் கொண்டே மனிதரிடம் இவ்வாய்வு பெரும்பாலும் நடைபெறுகின்றது. ஆயினும் அன்பும் நல்ல சூழலும் உடலுக்குள்ளேயே வேலை செய்கின்றன என்னும் உண்மை தெளிவாகி வருகின்றது.

மேடையும் திரையும்

ஆட்ரியின் மரபணுக்களை எவரும் ஆராய்ந்ததில்லை. அவரது வாழ்க்கையை ஆய்வுக்கூட முடிவாகக் கொள்ளுதலும் முறையன்று. ஆனால் காயப்பட்ட ஒரு மனம் எவற்றைப் பற்றிக்கொண்டு நிமிர்ந்தது என்பதை நாம் காணலாம்.

முதலாவது, தாய். மிகக் கண்டிப்பானவர், ஆனாலும் எந்த நிலையிலும் மகளைக் கைவிடாதவர். போருக்குப் பின் செல்வமெல்லாம் கரைந்தபோது, மகளின் நடனப் படிப்புக்காகச் சிறு சிறு வேலைகளையும் செய்தார். இரண்டாவது, பயிற்சி. ஆட்ரி 1948இல் இலண்டன் சென்று, மேரி ராம்பெர்ட் அம்மையாரின் பாலே பள்ளியில் உதவித்தொகையுடன் சேர்ந்தார். அங்கே ஓர் இடி விழுந்தது. உயரம் மிகுதி, போர்க்காலப் பட்டினியால் உடல் வலிமையோ குறைவு, ஆகவே முதன்மை நடனமணியாக வர இயலாது என்று ஆசிரியை கூறிவிட்டார். சிறுவயது முதல் கண்ட கனவு அன்றே கலைந்தது.

ஆட்ரி சோர்ந்து அமரவில்லை. மேடை நாடகங்களில் சிறு வேடங்கள் ஏற்றார். 1951இல் பிரெஞ்சு எழுத்தாளர் கொலெட் அவரைக் கண்டு, தம் கதையான ஜிஜி நாடகத்தின் நாயகியாகத் தேர்ந்தெடுத்தார். 1953இல் வெளிவந்த ரோமன் ஹாலிடே படத்துக்காக ஆட்ரிக்கு ஆஸ்கார் விருது கிடைத்தது.

1959இல் வெளிவந்த தி நன்ஸ் ஸ்டோரி என்னும் படத்தில் அருட்சகோதரி லூக் என்னும் கன்னியராக அவர் நடித்தார். பெல்ஜியம் நாட்டில் மனநோயாளிகளின் காப்பகத்திலும், பின்னர்க் காங்கோ நாட்டின் மருத்துவமனையிலும் பணிபுரியும் செவிலியின் கதை அது. மேரி லூயிஸ் ஆபெட்ஸ் என்னும் உண்மையான செவிலியின் வாழ்க்கையைத் தழுவியது. அதே 1959இல் வேறொரு படப்பிடிப்பில் குதிரையிலிருந்து விழுந்து ஆட்ரி முதுகெலும்பு முறிந்து கிடந்தபோது, அவருக்குப் பணிவிடை செய்தவரும் அந்த ஆபெட்ஸ் அம்மையாரே!

ஆன் பிராங்க் என்னும் யூதச் சிறுமியாக நடிக்கவும் ஆட்ரிக்கு அழைப்பு வந்தது. இருவரும் 1929இல் பிறந்தவர்கள். ஒரே நாட்டில் ஒரே போரைக் கண்டவர்கள். ஆன் மாண்டாள், ஆட்ரி பிழைத்தார். அந்த நினைவைத் தாங்க இயலாமல் அவர் அவ்வேடத்தை மறுத்துவிட்டார். ஆறிய புண்ணிலும் வடு உண்டு. தம்மால் தாங்கக்கூடியது எது, தாங்க முடியாதது எது என்று அறிந்து மறுப்பதும் மனவலிமையே.

தம்மைப் பிரிந்து சென்ற தந்தையையும் அவர் மறக்கவில்லை. பல ஆண்டுகளுக்குப் பின் செஞ்சிலுவைச் சங்கத்தின் உதவியால் அவரை டப்ளின் நகரில் கண்டுபிடித்தார். தந்தையிடம் பாசம் சுரக்கவில்லை. இருந்தும், 1980இல் அவர் இறக்கும்வரை பொருளுதவி செய்து வந்தார்.

கடன் தீர்த்த கரங்கள்

புகழின் உச்சியில் இருந்தபோதே ஆட்ரி படவுலகிலிருந்து விலகித் தம் இரு மகன்களை வளர்ப்பதில் ஈடுபட்டார். சுவிட்சர்லாந்தின் ஒரு சிற்றூரில் தோட்டம் வைத்து வாழ்ந்தார். ஆனால் 1945இன் கடன் ஒன்று மீதமிருந்தது. அன்று உணவளித்த நிவாரணப் பணியின் தொடர்ச்சியாக 1946இல் தோன்றியதே யூனிசெப் என்னும் குழந்தைகள் நிதியம். 1988இல் அதன் சார்பாக எத்தியோப்பியா சென்று, பஞ்சத்தில் வாடிய குழந்தைகளைத் தூக்கி அணைத்துக்கொண்டார். 1989இல் நல்லெண்ணத் தூதராக நியமிக்கப்பட்டார். சூடான், வங்கதேசம், வியட்நாம் என்று நாடு நாடாகச் சென்றார். 1992 செப்டம்பரில் உள்நாட்டுப் போரால் சீரழிந்த சோமாலியாவுக்குச் சென்றதே அவருடைய கடைசிப் பெரும் பயணம். அதன்பின் புற்றுநோய் கண்டறியப்பட்டு, 1993 ஜனவரி 20ஆம் நாள் தம் 63ஆம் வயதில் காலமானார்.

நமக்குரிய பாடம்

அன்பு மாணவிகளே! துன்பம் உடலில் சுவடு பதிக்கும்; அன்பும் பதிக்கும். இதுவே ஆட்ரியின் வாழ்வும் அறிவியலும் சேர்ந்து நமக்குச் சொல்வது. உங்கள் வகுப்பில் சிரிக்க மறந்த தோழி ஒருத்தி இருக்கலாம். அவள் வீட்டில் நோயுற்றவர் இருக்கலாம். அவளைப் பைத்தியக்காரக் குடும்பத்தாள் என்று ஏளனம் செய்யும் ஒரு சொல்லும் காயமே. அருகில் அமர்ந்து உணவைப் பகிர்வதும் மருந்தே. உங்களுக்கே உறக்கமின்மையும் காரணமற்ற அழுகையும் நாள்கணக்கில் நீடித்தால், அதனை மறைக்காதீர்கள். பெற்றோரிடமோ ஆசிரியையிடமோ சொல்லுங்கள். காய்ச்சலுக்கு மருத்துவரை நாடுவதில் வெட்கம் இல்லையெனில், மனத்தின் நோய்க்கு நாடுவதில் மட்டும் வெட்கம் ஏன்?

மதிப்புக்குரிய பெற்றோரே! கருவுற்ற பெண்ணின் தட்டில் உணவும் மனத்தில் அமைதியும் இருக்கச் செய்வது, பேரப்பிள்ளைகளுக்குச் சேர்க்கும் செல்வத்தில் முதன்மையானது. குடும்பத்தில் மனநோய் இருந்ததென்று பிள்ளையின் எதிர்காலத்தை முன்கூட்டியே மூடிவிடாதீர்கள். கடந்த காலத்தில் தவறியதை எண்ணி உங்களையே வருத்திக்கொள்ளவும் வேண்டா. நூல் நம் கையில் இல்லை, அது தரப்பட்டது. நெசவில் நம் எல்லோர் கையும் உண்டு. தாயின் கை, ஆசிரியையின் கை, தோழியின் கை, முன்பின் அறியாத எவரோ தொலைவிலிருந்து அனுப்பிய உணவுப் பெட்டியைச் சுமந்து வந்த கை என்று எத்தனையோ கைகள் சேர்ந்தே ஆட்ரி என்னும் அழகிய ஆடையை நெய்தன. நம் கைகளும் அந்தப் பணிக்கு உதவட்டும்.